குளிர்காலத்துக்கென்று விற்ற தூண்டில் கழி குளிரில் பிளந்தது: பணத்தைத் திருப்பித் தாருங்கள்

அல்பேர்டன், லண்டன்
9 பெப்ரவரி 2025

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

இது என்னுடைய ஏழாவது முறையீடு. முதல் ஆறும் ஆங்கிலத்தில், மின்னஞ்சலில் போயின. ஆறுக்கும் "உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியமானது" என்ற ஒரே வரி இயந்திரத்திடமிருந்து திரும்பி வந்தது. உங்கள் நிறுவனத்தின் உரிமையாளர் நம்மவர்தான், வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான் என்று ஈலிங் வீதியில் கடை வைத்திருக்கும் நண்பர் சொன்னார். அதனால் இதைத் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கோபத்தை மொழிபெயர்க்கும் வேலையாவது எனக்கு மிச்சம்.

2024 நவம்பர் 26ஆம் திகதி உங்கள் 13 மீட்டர் கார்பன் கழி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. விலை 689 பவுண். கடன் அட்டையில் செலுத்தினேன். கழியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, செய்து விற்பவர்கள் நீங்கள். பழுது, ஒன்றோடொன்று செருகும் துண்டுகளில் ஐந்தாம் துண்டின் வாயில். அதாவது ஆறாம் துண்டைக் கழற்றி மாட்டுகிற இடத்தில். அந்த இடத்தில் கார்பன் சுவர் எவ்வளவு மெல்லியது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் விற்றீர்கள் என்று சொல்ல வரவில்லை. இப்போதைக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, முதல் தடவையாக அதை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனேன். ரோச் என்கிற நன்னீர் மீன் பதினொன்று பிடித்தேன், எல்லாம் கைவிரல் நீளம். பன்னிரண்டாவதைக் கையெட்டும் தூரத்துக்குக் கொண்டுவர, கழியைப் பின்னால் வைத்த தாங்கு உருளைமேல் தள்ளி ஐந்தாம் துண்டில் பிரித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். பிஸ்கட்டை ஒடித்தது போல. பார்த்தால் வாயோரத்தில் தலைமயிர் அகலத்தில் ஒரு கீறல், என் சுண்டுவிரல் நகத்தின் நீளம். கையால் தடவியபோது கார்பன் சிலாம்பு ஒன்று இடது உள்ளங்கையில் ஏறியது. அதை எடுக்க என் மனைவிக்கு ஊசியும் மேசை விளக்கும் முக்கால் மணி நேரமும் தேவைப்பட்டன. அந்த முக்கால் மணி நேரமும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். பிடித்த மீனை மறுபடி தண்ணீரில் விடுவதற்கா 689 பவுண் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அதற்கு என்னிடம் எப்போதும் நல்ல பதில் இருந்ததில்லை, உங்களால் இப்போது அறவே இல்லை.

மறுநாளே உங்களுக்கு எழுதினேன். படம் இணைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு மாற்றுத் துண்டு அனுப்பினீர்கள். அது நான்காம் துண்டு. அதுவும் வேறு ஏதோ கழியினுடையது. உங்கள் கழியின் எண்ணை உங்களுக்கே வாசிக்கத் தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? சரியான துண்டு ஜனவரி 4ஆம் திகதி வந்தது. மாட்டிப் பார்த்தபோதே சற்று ஆடியது. தொலைபேசியில் கேட்டேன். "பாவிக்கப் பாவிக்க இறுகிவிடும்" என்றார் ஒரு பெண்மணி. அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவரைப் பற்றி எனக்குக் குறையில்லை.

ஜனவரி 11, சனிக்கிழமை. உறைபனி விழுந்த காலை. கரையோரம் கண்ணாடித் தாள் போலப் பனிக்கட்டி படிந்திருந்தது. அதே இடம், அதே துண்டு, அதே 'டக்'. இந்த முறை கீறல் இரண்டு அங்குலம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

ஜனவரி 13ஆம் திகதி பிற்பகல் நாலு மணிக்கு உங்கள் சேவை எண்ணை அழைத்தேன். 38 நிமிடம் இசை கேட்டேன். பிறகு ஒருவர் வந்தார். பெயர் கேட்டேன், சொல்ல மறுத்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார், எனக்குக் கேட்கட்டும் என்றே விட்டார். பின்னர் கேட்டார்: "இந்தக் குளிரில் உங்களை யார் மீன் பிடிக்கப் போகச் சொன்னது? வெயில் வந்த பிறகு போங்கள்."

ஐயா, உங்கள் விலைப் புத்தகத்தில் இந்தக் கழி இருக்கும் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். கம்பளித் தொப்பி போட்ட ஒரு மனிதர். காலடியில் வெள்ளையாக உறைந்த புல். வாயிலிருந்து ஆவி பறக்கிறது. கையில் ஒரு ரோச், அதன் சிவந்த செட்டை கூடத் தெளிவாகத் தெரிகிறது. கீழே நீங்களே அச்சடித்த வாசகம்: குளிர்காலக் கால்வாய் ரோச்சுக்கென்றே வடிவமைத்த கழி. என்னைக் குளிரில் போகச் சொன்னது யார் என்று அவர் கேட்டாரே, நீங்கள்தான் சொன்னீர்கள். வண்ணப்படத்தோடு சொன்னீர்கள்.

அந்த மனிதர் அதோடு விடவில்லை. நீரோட்டம் வேகமாக இருந்திருக்கும் என்றார். நான் இருப்பது கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளையில். 1801இல் திறந்த அந்தக் கிளையில் ஹேய்ஸிலிருந்து பாடிங்டன் வரை படகுகளை ஏற்றியிறக்கும் மதகு ஒன்றுகூடக் கிடையாது. மதகு இல்லாத கால்வாயில் வேகமான நீரோட்டம் எங்கிருந்து வரும்? டிசம்பர், ஜனவரியில் படகுப் போக்குவரத்தும் குறைந்து, சேறு அடங்கி, தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அந்தத் தெளிவுதான் எங்களைப் போன்றவர்களுக்குத் தலைவலி. மீன் கரைப்பக்கம் வராது, நடுவிலுள்ள ஆழத்திலோ எதிர்க்கரையில் கட்டியிருக்கும் படகுகளின் நிழலிலோ ஒதுங்கிவிடும். 13 மீட்டர் கழி அதற்காகத்தான். இல்லாவிட்டால் பெட்டிமேல் உட்கார்ந்து இந்த நீளத்தைக் கையில் ஏந்திக்கொண்டிருக்க எனக்கு என்ன பைத்தியமா?

அப்படியானால் பெரிய கெண்டை மீன் இழுத்திருக்கும் என்றார். அவர் உங்கள் நிறுவனத்தில் என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நுனித் துண்டுக்குள் மீனின் இழுப்பைத் தாங்க 4ஆம் இலக்க மெல்லிய இலாஸ்டிக் ஓடுகிறது. தூண்டில் முள் 22ஆம் இலக்கம், எள்ளை விடக் கொஞ்சம் பெரியது. முள்ளோடு கட்டிய தங்கூசி, அதாவது நைலோன் நூல், 0.08 மில்லிமீட்டர், பலமாகத் தும்மினாலே அறுந்துவிடும். கெண்டை இழுத்திருந்தால் போயிருக்க வேண்டியது தங்கூசி. கார்பன் பிளந்து தங்கூசி பிழைக்கும் என்று நம்புகிறவரைத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

கடைசியாக, "விரல் நீள மீனுக்கா இவ்வளவு?" என்று சிரித்தார். நான் யாழ்ப்பாணக் கடலோரத்தில் வளர்ந்தவன். தங்கூசியைக் கையில் சுற்றிக்கொண்டு பெரிய மீன்களை இழுத்திருக்கிறேன். குளிர்ந்த நீரில் ரோச் இரையைத் தொடுவதை அறிவது வேறு வித்தை. தக்கையின் நுனி தீக்குச்சி முனையளவுதான் நீருக்கு மேலே நிற்கும். அது அமிழ்வது இல்லை, ஒரு மயிரிழை தாழ்ந்து நின்றுவிடும். குளிரில் மீனின் உடல் மந்தமாகிவிடுகிறது, இரையாகக் கோத்த ஒரு துணுக்கு ரொட்டிக்காக அது ஓடிவராது. அந்த மயிரிழைக்காக மூன்று மணி நேரம் கண்ணை எடுக்காமல் இருந்து, கொக்கியிட்டு, கழியை ஆடாமல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது உங்கள் ஐந்தாம் துண்டு பிளக்கிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சொல்ல மறந்துவிட்டேன். ஜனவரி 11ஆம் திகதி அந்தத் துண்டு பிளந்தபோது முனையில் இருந்தது விரல் நீள மீன் இல்லை. இரண்டு இறாத்தலுக்குக் குறையாத ரோச். சரி, ஒன்றரை இறாத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையைச் சாய்த்து ஒரு தடவை புரண்டது, சிவந்த கண்ணை நான் பார்த்தேன். எதிரே படகில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரும் பார்த்தார். அப்படி ஒரு மீன் என் வாழ்நாளில் இனி வராது. அதற்கு எந்தக் கணக்கில் ஈடு தருவீர்கள்?

நான் அமைதியாகவே எழுத நினைக்கிறேன்.

அதே மனிதர் இறுதியில், பழுதான துண்டை உங்கள் களஞ்சியத்துக்கு நேரில் கொண்டுவந்தால் அங்கேயே பார்த்து மாற்றித் தருவார்கள், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். ஜனவரி 16ஆம் திகதி, ஒரு நாள் சம்பளத்தை இழந்து, காரின் முன் இருக்கையை மடக்கி, கழியின் பையைக் கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை சாய்த்து வைத்து, எம்1 நெடுஞ்சாலையில் வாட்ஃபோர்ட் கேப் தாண்டி வந்தேன். போகவர நூற்றைம்பது மைல். உங்கள் வாசலில் அட்டை தொங்கியது: பழுதுபார்க்கும் மேசை புதன்கிழமைகளில் மட்டும். உள்ளே இருந்த இளைஞர் துண்டை வாங்கி, வெள்ளை நாடா சுற்றி, ஒரு மூலையில் சாய்த்து வைத்தார். பற்றுச்சீட்டு கேட்டேன். "தேவையில்லை, ஞாபகம் இருக்கும்" என்றார். ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்தவனுக்கு உங்கள் கழிவறையைப் பாவிக்கக்கூட அனுமதி இல்லை, அது ஊழியர்களுக்கு மட்டுமாம். திரும்பும் வழியில் சேவை நிலையத்தில் நிறுத்தினேன். அங்கே ஒரு தேநீருக்குக் கொடுத்த காசைச் சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள்.

ஜனவரி 30ஆம் திகதி உங்களிடமிருந்து வந்த பதில் இரண்டு வரி. மோதலால் ஏற்பட்ட சேதம் உத்தரவாதத்தில் அடங்காது. எதில் மோதியது? கால்வாயோர நடைபாதையில் சைக்கிள்காரர்கள் வருவார்கள்தான். ஒவ்வொரு முறையும் கழியைப் பின்னுக்குத் தள்ளுமுன் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். சைக்கிள் ஏறியிருந்தால் கழி முழுவதும் நொறுங்கியிருக்கும், இரண்டு முறையும் ஒரே வாயில் கீறல் விட்டிருக்காது.

உங்கள் உத்தரவாதத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் போதும். விற்ற ஆறு மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால் அது தொடக்கத்திலேயே இருந்ததாகத்தான் சட்டம் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை. ஒரு தடவை மாற்றிக் கொடுத்தும் பழுது நின்றால் பொருளை நிராகரித்து முழுப் பணமும் கேட்க எனக்கு உரிமை உண்டு. ஆறு மாதத்துக்குள் என்பதால், பாவித்தீர்கள் என்று சொல்லி நீங்கள் ஒரு சதமும் கழிக்க முடியாது. இதை எனக்கு விளக்கியவர் நுகர்வோர் ஆலோசனை மையத்தில் இருந்த ஓர் அம்மா. அவருக்கு ரோச் என்றால் என்னவென்று தெரியாது, கரப்பான்பூச்சியா என்று கேட்டார். ஆனாலும் உங்கள் ஆளைவிடப் பொறுமையாகக் கேட்டார்.

நான் கேட்பது: கழியின் விலை 689 பவுண், பெற்றோல் 61, இழந்த சம்பளம் 140, தபால் செலவு 18.40, மனவுளைச்சலுக்கும் என் உள்ளங்கைக்கும் 300. மொத்தம் 1,208.40 பவுண். இந்தக் குளிர்காலம் முழுவதும் பாழாய்ப் போனதற்கு நான் எதுவும் போடவில்லை. போடத் தொடங்கினால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

தயவுசெய்து பதினான்கு நாட்களுக்குள் தீர்த்துவையுங்கள். உங்கள் நிறுவனத்தை ஊரார் முன் இழுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. உங்கள் பழைய 9.5 மீட்டர் கழியை எட்டு வருடம் பாவித்தவன் நான். அதில் ஒரு கீறல்கூட விழவில்லை, அந்த நம்பிக்கையில்தான் இதை வாங்கினேன். ஆனால் பெப்ரவரி 23க்குள் பதில் இல்லையென்றால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி என் அட்டை நிறுவனத்திடம் கோருவேன். நூறு பவுணுக்கு மேற்பட்ட பொருள் என்பதால் அவர்களும் உங்களோடு சேர்ந்து பொறுப்பு. அதுவும் சரிவராவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம். பத்தாயிரம் பவுண் வரை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம். நான் நன்றாகவே வாதாடுவேன், என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

ஜனவரி 13 மாலை 4.38க்குப் பேசிய அந்த மனிதரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பும் வேண்டும். பணம் பிந்தினாலும் அது முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: கழியின் மற்றத் துண்டுகள் எங்கள் படிக்கட்டின் கீழ், பையோடு இருக்கின்றன. உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம், வார நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகு. வெள்ளை நாடா சுற்றிய ஐந்தாம் துண்டு உங்கள் களஞ்சியத்தில் கதவுக்கு இடப்பக்க மூலையில் சாய்த்து வைத்திருக்கிறது. அதை யாரும் எறிந்துவிட வேண்டாம். அதுதான் என் சாட்சி.