கடன்பட்டவர்கள் எங்கே போய்க் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சேமிப்புக் கட்டுரையில், "வரவுக்குள் வாழத் தெரியாதவர்களே கடனில் சிக்குகிறார்கள்" என்ற வரியைப் படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். இருபது ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிவரும் வீடுகளில் அந்த வரி எப்படிப் போய்த் தைக்கும் என்பதை, அச்சேற்றும் முன் ஒருவரேனும் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் என் கணவரைத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முன்பணம் கட்டினால்தான் ஆக்சிஜன் வசதியுள்ள படுக்கை என்றார்கள். நகைகளை அடகு வைத்தும் போதாமல் கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். அதற்கும் மேற்பட்ட செலவுக்குக் குழுக்கடன் வாங்கினேன். அவர் பிழைத்து வீடு திரும்பினார். அந்த இரண்டு வாரங்களில் எந்த வரவுக்குள் நான் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதைக் கட்டுரையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

கார்டு பில்லில் இருந்த 'மினிமம் டியூ' என்ற குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவந்தால் கடன் தீர்ந்துவிடும் என்று நம்பி ஒன்றரை ஆண்டு கட்டினேன். ஒரு லட்சம் ரூபாய் நிலுவைக்கு மாதம் 3.5 சதவீத வட்டி 3,500 ரூபாய், அந்த வட்டியின் மேல் ஜிஎஸ்டி 630 ரூபாய். ஆக, நான் கட்டிய 5,000 ரூபாயில் அசலுக்குப் போனது வெறும் 870 ரூபாய். இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் வங்கி ஊழியர் அல்லர். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகன்.

கட்ட முடியாமல் நின்றபோது, பாதித் தொகையில் 'செட்டில்மென்ட்' செய்துகொள்ளலாம் என்று வசூல் முகவர் சொன்னார். கடன்பட்டு அதையும் கட்டினேன். கணக்கு 'முடிந்தது' என்று பதிவாகாமல், முழுத் தொகையையும் கட்டாமல் 'செட்டில்' ஆனதாகவே, வங்கிகள் கடன் தருமுன் பார்க்கும் கடன் அறிக்கையில் நிற்கும் என்பதை அவரும் சொல்லவில்லை, வங்கியும் சொல்லவில்லை. மகனின் கல்விக் கடனுக்கு நான் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திடச் சென்ற நாளில்தான் அதைத் தெரிந்துகொண்டேன். அன்று அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

குழுக்கடனுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் வசூல் கேட்டுத் தொல்லை தரக் கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. என் வீட்டுத் திண்ணையில் வசூல்காரர் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தார். குழுவில் இருந்த அக்கம்பக்கத்துப் பெண்களும் வேறு வழியின்றி அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். இதைப் பற்றி 2023-இல் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது வெளியாகவில்லை. 'ஐந்து நிமிடத்தில் கடன்' என்ற முழுப்பக்க விளம்பரம் மட்டும் அடுத்தடுத்த இதழ்களில் வந்தது.

உதவி அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கி 2009-இல் வகுத்த மாதிரித் திட்டத்தின் பெயரிலேயே 'கடன் ஆலோசனை' இருந்தது. 2012-இல் அது, மாவட்டத்து வங்கிகளின் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி வழியாக நடக்கும் 'நிதிசார் கல்வி மையம்' ஆனபோது, பெயரிலிருந்து ஆலோசனை போயிற்று. எங்கள் மாவட்டத்து மையத்தைத் தேடிச் சென்றபோது சேமிப்பைப் பற்றிய துண்டறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். என் பில்லை வாங்கிப் பார்க்க அங்கே ஆள் இல்லை. வங்கியிடம் எழுத்துமூலம் புகார் தந்து, 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்பதும், விவரம் கேட்க 14448 என்ற எண் இருப்பதும் எல்லாம் கைமீறிய பிறகே எனக்குத் தெரியவந்தன.

தாங்கள் அறியாதது எதையும் நான் எழுதிவிடவில்லை. மருத்துவருக்கும் சோதிடருக்கும் பக்கம் ஒதுக்கும் தங்கள் இதழில், மாவட்டம்தோறும் உள்ள நிதிசார் கல்வி மையங்களின் முகவரிகளையும் மேற்சொன்ன எண்ணையும் ஒரு சிறு கட்டத்தில் இதழ்தோறும் வெளியிட வேண்டுகிறேன். அந்தக் கடன் விளம்பரம் வரும் பக்கத்திலேயே அது இடம்பெற்றால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மன்னார்குடி.