பொன்னாலைத் தாம்போதி ஓடின அண்ணாவுக்கு

ட்ரொம்சோ, நோர்வே
பெப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கட கடிதம் மார்கழியிலேயே வந்து சேர்ந்திட்டுது. பதில் எழுத இவ்வளவு பிந்தினதுக்கு மன்னிக்க வேணும். ஃபோனிலைதானே கதைக்கிறம் எண்டு விட்டிட்டன். ஆனால் ஃபோனிலை அம்மா பக்கத்திலை நிண்டால் நீங்களும் கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டீங்கள், நானும் சொல்ல மாட்டன். நான் சுகமாய் இருக்கிறன். சாப்பாடு, உடுப்பு எல்லாம் காணும்.

"வெறும் றோட்டையும் கடலையும் காட்டுறதுக்கு ஆக்கள் காசு குடுக்கினமோ? அந்தப் பனியிலை வான் ஓடுறது எப்பிடி?" எண்டு எழுதியிருந்தீங்கள். கடலை ஊடறுத்துப் போற பொன்னாலைத் தாம்போதியிலை இருபது வருஷம் ஹயஸ் வான் ஓடின உங்களுக்கு மேலோட்டமாய்ச் சொல்ல மனம் வரேல்லை.

ட்ரொம்சோ பட்டினமே ஒரு தீவுதான். அதுக்கு மேற்கை க்வாலோயா, நோர்வேயின்ரை அஞ்சாவது பெரிய தீவு. நடுவிலை ஒரு கிலோமீற்றருக்கு மேலை நீளமான பாலம். பாலம் தாண்டி 862ஆம் இலக்க றோட்டாலை மேற்கை போய், அந்தத்திலை கிடக்கிற சொம்மாரோய் எண்ட குட்டித் தீவைத் தொட்டு, தெற்குக் கரையாலை திரும்பி வாறதுதான் எங்கட அரைநாள் ஓட்டம். சுத்தி வர 120, 130 கிலோமீற்றர் வரும். நிப்பாட்டாமல் ஓடினால் இரண்டரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும். நாங்கள் அதை நாலரை, அஞ்சு மணித்தியாலம் ஓடுறம். ஆக்கள் காசு குடுக்கிறது அந்த மிச்ச நேரத்துக்கு. எங்கை நிக்கலாம், எங்கை நிக்கக் கூடாது, எந்த இடத்திலை வானைத் திருப்ப வேணும் எண்டு தெரிஞ்சவனுக்குத்தான் இஞ்சை பெறுமதி.

ஒரு தரத்திலை ஒரு குடும்பம்தான் ஏறும். சாரதியை விட்டு எட்டுப் பேர் வரைக்கும் கார் லைசன்ஸ் காணும், அதுக்கு மேலை மினிபஸ் லைசன்ஸ் வேணும். எங்கட நாட்டு லைசன்ஸ் இஞ்சை குடியேறி மூண்டு மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு சறுக்குத் தரையிலை ஓடிப் பழகிற வகுப்பு, எழுத்துச் சோதனை, ஓட்டச் சோதனை எல்லாம் பாஸ் பண்ண வேணும். ஆள் ஏத்திக் காசு வாங்கிறதெண்டால் பொலிசிட்டை தனி அட்டையும் எடுக்க வேணும். றோட்டிலை வலப்பக்கம் ஓடுறது ஒரு கிழமையிலை கைக்கு வந்திடும், பனி வர ஒரு முழுக் குளிர்காலம் செல்லும்.

பனியைப் பற்றி நீங்கள் நினைக்கிறதுக்கு மாறான ஒண்டு சொல்லுறன். இஞ்சை பயப்பிட வேண்டியது பெருங்குளிருக்கு இல்லை. பூச்சியத்துக்குக் கீழை 10 பாகை எண்டால் பனி உலர்ந்து, சில்லுக்குக் கீழை மணல் மாதிரி நெருநெருக்கும், பிடி நல்லாய் இருக்கும். பூச்சியத்துக்கும் 2 பாகைக்கும் இடையிலை மழை தூறிச்சுதெண்டால்தான் ஆபத்து. ஐஸுக்கு மேலை தண்ணிப்படலம், எண்ணெய் ஊத்தின சீமெந்துத் தரை மாதிரி. அட்லாண்டிக்கிலையிருந்து வாற சூட்டு நீரோட்டத்தாலை இந்தக் கரையிலை அப்பிடியான நாள் கனக்க வரும். வடதுருவத்துக்கு இவ்வளவு கிட்டவாய் இருந்தும் தை மாதச் சராசரி பூச்சியத்துக்குக் கீழை 4 பாகைதான். அம்மாவுக்கு இதை மட்டும் சொல்லுங்கோ, மழைக் கதையைச் சொல்லாதேங்கோ.

அதுக்காகத்தான் ஆணி ரயர். ரப்பருக்குள்ளை சின்னச் சின்ன உலோக ஆணி பதிச்சிருக்கும், நுனி மட்டும் வெளியிலை நிக்கும். வடக்கு மாகாணங்களிலை ஒக்ரோபர் 16 தொடக்கம் ஏப்ரல் 30 வரைக்கும்தான் அதுக்கு அனுமதி, இல்லாட்டி தார் றோட்டைக் கிண்டிப் போடும். குளிர்கால ரயருக்குப் பூ, அதுதான் வெட்டின்ரை ஆழம், குறைஞ்சது 3 மில்லிமீற்றர் இருக்க வேணும். காத்தை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அளக்கிறது, குளிர் கூடக் கூட ரயருக்குள்ளை காத்து இறங்கும். ஆணி இருக்கெண்டு பிறேக்கிலை காலை வைச்சிடக் கூடாது. இறக்கத்திலை கியரைக் குறைச்சு எஞ்சினாலை பிடிக்கிறதுதான் முறை. முன்னுக்குப் போறவனுக்கும் எங்களுக்கும் இடையிலை, ஊரிலை நீங்கள் விடுற இடைவெளியிலும் நாலு மடங்கு விடுங்கோ.

காலமையிலை வேலை இப்பிடி. எஞ்சினைச் சூடாக்க இரவே வயர் குத்தி விடுறது, அதை முதல் கழட்ட வேணும். மறந்து வயரோடை இழுத்துக்கொண்டு போறவை இருக்கினம். பிறகு கூரைப் பனியைத் தள்ளுறது. பஞ்சிப்பட்டு விட்டால் முதல் சந்தியிலை பிறேக் பிடிக்கேக்கை அவ்வளவும் சரிஞ்சு முன்கண்ணாடியை மூடிப்போடும். கண்ணாடிக்குச் சுடுதண்ணி ஊத்தவே கூடாது, வெடிச்சிடும். வைப்பர் தண்ணிக்கு உறையாத மருந்து விடுறது. புது வானின்ரை எல்ஈடி விளக்குச் சூடாகாது, அதாலை அதிலை படியிற பனி உருகாது, நிக்கிற ஒவ்வொரு இடத்திலும் துடைக்க வேணும். பின்விளக்கையும்தான். ஈரமாய் ஓடி வந்து ஹாண்ட் பிறேக் போட்டால் கேபிள் உறைஞ்சு பிடிச்சிடும், அதாலை கியரிலை விட்டு நிப்பாட்டுறது. மினுங்குச் சட்டை சாரதியின்ரை கைக்கு எட்டுற இடத்திலை இருக்க வேணும், அது சட்டம்.

வெளிக்கிட முதல் மூண்டு பார்க்கிறது: காலநிலை, பனிச்சரிவு அறிவிப்பு, 175க்கு எடுத்தால் றோட்டுச் செய்தி. போற வழியிலை கட்ஃபியோர் கணவாய் எண்டு ஒண்டு இருக்கு. இரண்டு பக்கமும் மலை, சரிவு விழும் எண்டால் மூடிப்போடுவினம். அப்ப தெற்குக் கரையாலையே போய் அதாலையே திரும்ப வேண்டியதுதான். அதுகும் ஏலாட்டி ஓட்டமில்லை. தை மாதம் அப்பிடிக் கொஞ்ச நாள் வந்தது. எனக்கும் நல்ல ஓய்வு கிடைச்சுது, அதைப் பற்றி யோசிக்காதேங்கோ.

நேரம் பார்க்கிறதும் ஒரு வேலை. நவம்பர் 27 தொடக்கம் ஜனவரி 15 வரைக்கும் சூரியன் எழும்பாது. மலை மறைக்கிறதாலை ஜனவரி 21 ஆனால்தான் பட்டினத்துச் சனம் சூரியனைக் காணும். அண்டைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பணிஸ் சாப்பிட்டுக் கொண்டாடுவினம். இருட்டுக் காலம் எண்டு சொன்னாலும், பத்து மணியிலையிருந்து ஒரு மணி மட்டும் நீலமாய் ஒரு வெளிச்சம் நிக்கும், பனி முழுக்க நீலம் பூசினமாதிரி. இப்ப ஒன்பதரையிலையிருந்து இரண்டரை வரைக்கும் வெயில் சாய்ஞ்சு கிடக்கும். படம் எடுக்கிறவைக்கு இதுதான் பொன்னான மாதம். அதாலை ஒன்பது மணிக்கே வெளிக்கிட்டிடுவன்.

முதல் நிக்கிறது ஐட்ஷூசன் சந்தியிலை. கழிவறை, கோப்பி எல்லாம் இஞ்சையே முடிக்கச் சொல்லுங்கோ, இதுக்குப் பிறகு குளிர்காலத்திலை திறந்த இடம் கிடைக்கிறது அருமை. பக்கத்து கால்ட்ஃபியோர் எண்ட கடற்குடாவிலை சில வருஷத்துக்கு முதல் ஹெறிங் மீன் குவிய, அதைத் தின்னத் திமிங்கிலங்கள் றோட்டிலை நிண்டு பார்க்கிற தூரத்துக்கு வந்தது. மீன் இடம் மாறிப்போக அதுகளும் வடக்கை போயிட்டுது. இப்பவும் சனம் "திமிங்கிலம் எங்கை?" எண்டு கேட்கும். இல்லையெண்டு முன்கூட்டியே சொல்லிப்போட்டால் மனக்கசப்பு வராது.

அடுத்தது எர்ஸ்ஃபியோர். இரண்டு பக்கமும் மலை கடலுக்குள்ளை நேராய் இறங்கி நிக்கும். கடல் பெரும்பாலும் உறையாது, கறுத்துப்போய் அசையாமல் கிடக்கும், மலை தலைகீழாய்த் தெரியும். இஞ்சை வீட்டுக்காரரின்ரை வாசலை மறிச்சு வான் விடக் கூடாது, ஊர்ச்சனம் அதாலை மெத்தப் பாடுபட்டிட்டினம். கரைக்கு இறங்கிற பாதை கண்ணாடி ஐஸ், அதாலை சப்பாத்துக்குக் கீழை மாட்டுற முள்ளுப்பட்டி எட்டுச் சோடி வானிலை எப்பவும் கிடக்கும். பருத்திக் காற்சட்டை போட்டு வாறவை இருபது நிமிஷத்திலை நடுங்குவினம். அடியிலை கம்பளி உடுப்பு, மேலை காத்து நுழையாத சட்டை, அதுதான் கணக்கு. ஃபோனை உள்சட்டைப் பைக்குள்ளை வைக்கச் சொல்ல வேணும், குளிரிலை பற்றரி 40 வீதத்திலேயே செத்திடும்.

கணவாயிலை பனி பறந்தால் றோட்டே தெரியாது. கரை நெடுக, வேலிக்குக் கதியால் நட்டமாதிரி, மினுங்குப்பட்டி சுத்தின தடி நட்டிருப்பினம். ஒரு தடியிலையிருந்து அடுத்த தடிக்குத்தான் ஓடுறது. அடுத்த தடி தெரியேல்லையோ, மெதுவாய் ஒதுங்கி ஆபத்து விளக்கைப் போட்டிட்டு இருக்க வேணும். ஏறினது காணும் எண்டு அதிலை திருப்பிக்கொண்டு வந்த நாளும் உண்டு. திருப்பினதுக்காக ஒருத்தரும் என்னோடை கோவிச்சதில்லை.

கலைமான் றோட்டிலை நிக்கும். ஹோர்ன் அடிக்காமல் பொறுத்திருக்க வேணும், ஒண்டு கடந்தால் பின்னாலை கூட்டம் வரும். கடற்சாதாழை தின்னக் கரைக்கே இறங்கி வரும். அதுகள் காட்டு மிருகமில்லை, சாமி எண்ட இந்த வடக்குப் பழங்குடி இனத்தவையின்ரை சொத்து. எங்கட மாட்டுக்குக் குறி சுடுறமாதிரி ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் எண்டு கலைமானின்ரை காதிலை ஒரு வெட்டுக்குறி இருக்கு. இடிபட்டால் 02800 எண்ட பொலிஸ் இலக்கத்துக்கு உடனை அறிவிக்க வேணும்.

சொம்மாரோய்க்குப் போற பாலம் ஒற்றைப் பாதை. எதிரிலை வாறவனுக்குப் பொறுத்து நிண்டு விட வேணும், பழைய தாம்போதியிலை பஸ் வரேக்கை நாங்கள் ஒதுங்கினமாதிரி. பாலத்தாலை இறங்கினால், அண்ணா, வெள்ளை மணல். சிப்பியும் கோதும் நொருங்கின மணல். தண்ணி பச்சையும் நீலமும். சனம் வடக்கிலை இப்பிடி ஒரு கடலோ எண்டு வாயைப் பிளக்கும். நான் அவையளுக்கு ஹோயா எண்ட தனித் தீவைக் காட்டுவன், கோபுரம் மாதிரிக் கடலுக்குள்ளை நிக்கும். பிளாஸ்கைத் திறந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்துவன். பிறகு ஒரு பத்து நிமிஷம் ஒண்டும் கதைக்காமல் விடுறது. அதையும் கணக்குப் பண்ணித்தான் வைச்சிருக்கிறன்.

மணலும் தண்ணியும் அச்சொட்டாய் எங்கட கசூரினாக் கடற்கரை. ஆனால் இந்தக் கடல் மணக்காது. தண்ணி 5 பாகை, குளிருக்கு மணம் எழும்பாதாக்கும். கருவாடும் மணக்காது. இஞ்சை கொட் மீனை உப்புப் போடாமல், வெயிலும் இல்லாமல், வாலிலை சோடி சோடியாய்க் கட்டி மரச்சட்டத்திலை தொங்கவிடுவினம். மாசியிலை ஏத்தினால் வைகாசி மட்டும் குளிர்காத்திலேயே காயும், விறகு மாதிரி ஆகும். எங்கட காரைநகரிலை சீநோர் நிறுவனம் வள்ளம் கட்டினதும் நோர்வேக்காரரின்ரை உதவியோடைதானே, அவையளின்ரை கரையிலை நிண்டு கொண்டு எங்கட கரை மணத்தைத் தேடுறன். கீழ்வீட்டுக் கிழவர், பழைய மீன்பிடிகாரன், ஒரு நாளும் ரெண்டு சொல்லுக்கு மேலை கதைக்காதவர், போன கிழமை ஒரு சோடியை என்ரை கதவிலை கொழுவிப்போட்டுப் போயிட்டார். ஒரு கிழமை தண்ணி மாத்தி மாத்தி ஊறவைச்சு, தூளும் புளியும் விட்டுக் காய்ச்சினன். நாலு நாளைக்கு வைச்சுச் சாப்பிட்டன். ஒடியல் மா அனுப்ப ஏலுமெண்டால் ஒரு கிலோ அனுப்புங்கோ. சுணங்கினாலும் பரவாயில்லை.

திரும்பிற வழியிலை ரீஸ்ட்ராவ்மன் நீரோட்டத்தைக் காட்டுவன், வத்துப்பெருக்குக்குக் கடல் ஆறு மாதிரிப் பாயும். அட்டவணை பார்த்து, பாயிற நேரத்துக்குப் போனால்தான் காட்சி. பிறகு ஹோக்கோயா தீவு தெரியும், 1944 நவம்பர் 12இலை ஜேர்மன்காரரின்ரை திர்பிற்ஸ் போர்க்கப்பல் பிரிட்டிஷ் விமானங்களின்ரை குண்டாலை கவிழ்ந்த இடம். அதிலை நிப்பாட்டிக் கனக்கக் கதைக்கிறதில்லை. உள்ளுக்கை ஆயிரம் பேரளவிலை செத்த தண்ணி அது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வாறன். அம்மாவின்ரை கண் ஒப்பரேசனைப் பங்குனிக்குத் தள்ள வேண்டாம், திகதி குடுத்தால் அந்தத் திகதியிலேயே செய்யுங்கோ. ஒரு கண் முடிஞ்சு ஆறின பிறகு மற்றதைப் பாப்பம். அப்பாவின்ரை திவசம் இந்த மாசியிலை, ஐயருக்கு இப்பவே சொல்லிப்போடுங்கோ. திருவெம்பாவைக்கும் நான் இல்லை, இதுக்கும் இல்லை. நான் இஞ்சை அண்டைக்கு மரக்கறி. காசு இந்தமுறை மாதக் கடைசியிலைதான் வரும், வங்கி மாத்தினதாலை கொஞ்சம் இழுபடுது, வேறை ஒண்டுமில்லை. அது மட்டும் சமாளிக்க ஏலாட்டி ஒளிக்காமல் எழுதுங்கோ.

சித்தப்பாவோடை வேலிக் கதையை வாயாலை வளர்க்க வேண்டாம். கதியால் மாத்தி நடேக்கை நில அளவையாளரைக் கூப்பிட்டு, உறுதியிலை இருக்கிற பரப்பின்படி கல்லுப் போட்டிட்டு நடுங்கோ. அது தங்கச்சியின்ரை பேருக்கு எழுதிற துண்டு, ஒரு முழம் குறைஞ்சாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்பினம். உறுதியின்ரை படம் ஒண்டு எடுத்து எனக்கும் அனுப்புங்கோ.

ஹயஸின்ரை முன் ரயர் ரெண்டும் வழிச்சிட்டுது எண்டு தம்பி சொன்னான். தாம்போதியிலை காத்து அடிக்கிற மாதம், அதை முதல் மாத்துங்கோ. அம்மாவுக்குத் தேவையான காசிலை தொடாதேங்கோ, ரயருக்கு நான் தனியாய் அனுப்புறன்.

அன்புடன்,
உங்கள் தம்பி