பின் சீற்றின் லொக்கை மாற்றித் தாருங்கள்: வாகன விற்பனை முகாமையாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமையாளர் ஐயாவுக்கு,

வணக்கம். களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். என் ஜீப்பின் இலக்கமும் நான் தந்த மூன்று முறைப்பாடுகளும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. வெலிகந்தையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் பதில்கள் ஒன்றிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பொலன்னறுவையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். பொழுதுபடுகிற நேரம். காட்டோரத்திலிருந்து யானையொன்று றோட்டில் ஏற, பிறேக்கை மிதித்தேன். ஜீப் நின்றது, யானையும் கடந்து போனது. பின்னால் அம்மா "ஐயோ மகன்" என்றார். அவர் இருந்த பக்கத்துச் சீற்றின் முதுகுச் சாய்வு லொக்கிலிருந்து கழன்று, பின்னாலிருந்த 25 கிலோ அரிசி மூடையோடு அவர் முதுகில் விழுந்திருந்தது. முன்னால் பெல்ற் இறுக்க, பின்னால் சீற் நெருக்க, 72 வயது மனுசி இரண்டுக்கும் நடுவில் மூச்சு வாங்க முடியாமல் கிடந்தார். பெல்ற் பதிந்த இடம் தோளில் பல நாள் கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் என் நாலு வயது மகள். அவள் அந்தப் பக்கம் இருந்திருந்தால் என்ற நினைப்பில் எனக்கு இன்னும் நித்திரை இல்லை.

லொக் சரியாக விழுந்தால் மறைய வேண்டிய சிவப்பு அடையாளம் மறைகிறது. ஆனால் கொளுக்கி கம்பியில் பாதிதான் மாட்டுகிறது; கையால் பலமாக இழுத்தாலே கழன்றுவிடும். சேர்விஸில் இரண்டு தடவையும் கிறீஸ் பூசித்தான் அனுப்பினார்கள். பிறகு, சாமான் ஏற்றியதால் வந்த பிழை என்று எழுதினீர்கள். ஐயா, சீற்றுகளின் வலுவுக்கான ஐ.நா. 17ஆம் இலக்க ஒழுங்குவிதியில், 18 கிலோ பெட்டிகள் இரண்டைப் பின்னால் வைத்து 50 கிலோமீற்றர் வேக மோதலுக்குச் சோதிக்கிறார்கள். அதிலும் லொக் கழரக் கூடாது. நான் எதிலும் மோதவில்லை. பிறேக் மட்டும்தான் பிடித்தேன்.

அன்றிலிருந்து அம்மா ஜீப்பில் ஏறுவதில்லை. வேப்பமரத்தடியில் புது ஜீப் நிற்க, முழங்கால் நோவோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மட்டக்களப்புக்குக் கிளினிக் போகிறார். நான் மாதம் தவறாமல் லீசிங் கட்டுகிறேன்.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திறக்கும்வரை பழைய வானோடு காத்திருந்து, வரியெல்லாம் சேர்த்த விலைக்கு வாங்கிய வாகனம் இது. இப்போது கொழும்புக்குக் கொண்டுவா என்கிறீர்கள். லொக் இல்லாத சீற்றோடு 300 கிலோமீற்றருக்கு மேல் நான் எப்படி வருவது? விற்கும்போது மட்டக்களப்புக்கு ஆள் அனுப்பினீர்களே. கிழக்கில் இருப்பவன் எதற்கும் கொழும்புக்கே ஓட வேண்டுமென்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: லொக்கைப் புதிதாக மாற்றித் தாருங்கள், மட்டக்களப்பிலேயே. மாற்றியதை எழுத்தில் தாருங்கள். இதே வாகனத்தை வாங்கிய மற்றக் குடும்பங்களையும் கூப்பிட்டு அவர்களின் சீற்றுகளைப் பாருங்கள். அவர்களுக்கு இது தெரிந்திருக்காது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகும் நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள்.

அம்மாவின் அடுத்த கிளினிக் வருகிற மாதம் 14ஆம் திகதி. அதற்கு முன் லொக்கை மாற்றித் தந்தால், அன்று அவரை நானே கூட்டிக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
களுவாஞ்சிகுடி