எங்களைப் பற்றிய கூட்டத்தில் நாங்களும் இருக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை நேரம் வந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு என்று எல்லாப் பத்திரிகையிலும் செய்தி வருகிறது. சரி, வரட்டும், அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள்தான் நாங்கள். சேர்ந்த மறுநாளிலிருந்து என்ன நடக்கிறது என்பதை யாரும் எழுதக் காணோம், அதனால் நானே எழுதுகிறேன்.

நான் பார்வையற்றவள், முதுகலைத் தமிழ் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் பார்வையற்றவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், காது கேளாதவர்கள் எல்லோரும் ஒரே குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். ஒரே விஷயத்துக்கு ஒவ்வொரு செமஸ்டரும் ஆளாளுக்கு மனு எழுதிக்கொண்டு துறைத்தலைவர், முதல்வர், தேர்வுப் பிரிவு என்று அலைந்து சலித்துப்போனதால்தான் சேர்ந்தோம். ஸ்கிரைப் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்வதைக் கேட்டு எழுத ஓர் ஆள், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம், இது மத்திய அரசு 2013-லேயே வகுத்த விதி. ஆனால் ஹால் டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் ஸ்கிரைப் தேடும் வேலையே ஆரம்பிக்கிறது, அதையும் நாங்களே தேட வேண்டும். சீர் பிரித்து எழுதத் தெரியாதவர் வந்து உட்கார்ந்தால் யாப்பிலக்கணக் கேள்வியில் போகிற மதிப்பெண் என்னுடையது.

பாடக்குறிப்பும் அப்படித்தான். திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளான என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும், ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டச்சு செய்திருக்க வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும்தான் காதில் விழும். புத்தகப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் அதற்குள் வாசிக்க எழுத்தே கிடையாது. யூனிகோடை ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது 2010-ல். கேட்டால் மாற்றித் தருகிற நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. எங்கள் படிப்பு ஏன் ஒவ்வொருவரின் நல்ல மனதையும் நம்பி இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

குழுவாகப் பேசிப் பார்த்தபோதுதான் எங்களுக்குள்ளேயே தேவைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று புரிந்தது. நடைபாதை ஓரத்தைச் சமமாக்கினால் சக்கர நாற்காலி நண்பருக்கு நல்லது, ஆனால் பாதை முடிந்து சாலை தொடங்குவது என் கைக்கோலுக்குத் தெரியாமல் போய்விடும், அந்த இடத்தில் புடைப்புள்ள ஓடு பதித்தால் இரண்டு பேருக்குமே தீர்வு. காது கேளாத தோழிக்கு இது இரண்டுமே பயன்படாது, சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் அவளுக்கு வகுப்பே வீண். (அவள் வாட்ஸ்அப்பில் எழுதுவாள், என் கைப்பேசி படித்துக்காட்டும், அப்படித்தான் நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம்.) எங்களைக் கேட்காமல் கட்டும்போது சாய்தளம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும் என்கிற அடிப்படைக் கணக்குகூட இல்லாமல், பின்னால் ஓர் ஆள் தள்ளினாலும் ஏற முடியாத செங்குத்தில்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டடங்களும் சேவைகளும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருப்பதற்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்பே, 2017 டிசம்பரில், மாற்றுத்திறனாளி மாணவர்களின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்க ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்கள், பெற்றோர் அடங்கிய ஓர் அமைப்பை உருவாக்க முடியுமா என்று ஆராயும்படி அதே நீதிமன்றம் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு (யுஜிசி) சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியலில் மாணவர்கள் இருக்கிறார்கள் பாருங்கள், நாங்கள் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

இது பேராசை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் காது கேளாதவர்களுக்கான கல்லாடெட் பல்கலைக்கழகம் 1864-ல் தொடங்கியது, 124 வருடம் காது கேட்பவர்களே அதன் தலைவர்களாக இருந்தார்கள். 1988 மார்ச்சில் மாணவர்கள் வாயில்களை மறித்து ஒரு வாரம் போராடினார்கள். காது கேளாத ஒருவர் தலைவராக வேண்டும் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை, நிர்வாகக் குழுவில் 51 சதவீதம் காது கேளாதவர்கள் இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள், இரண்டையும் பெற்றார்கள். நாங்கள் கேட்பது பெரும்பான்மைகூட இல்லை. தேர்வு அட்டவணை போடுவதற்கு முன், கட்டட வரைபடத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் நடக்கும் கூட்டத்தில் எங்களில் இரண்டு மூன்று பேருக்கு இடம், அவ்வளவுதான்.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். சேர்க்கைச் செய்தி எழுதும்போதே உங்கள் மாவட்டக் கல்லூரிகளில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் போன்ற ஓர் அமைப்பு இருக்கிறதா, அதில் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடியது என்று முதல்வர்களிடம் கேட்டு, வருகிற பதிலைக் கல்லூரிப் பெயரோடு போடுங்கள்.

இப்படிக்கு,
முதுகலைத் தமிழ் மாணவி,
திருநெல்வேலி மாவட்டம்