‘நார்மல்தான் மேடம்’: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தில் குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும் பணியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதை. டம்டம் பாறையைத் தாண்டி ஒரு வளைவு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்கிறேன், இன்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. மீட்டரில் கியர் விழுந்திருப்பதைக் காட்டும் ‘டி’ எழுத்து இருந்த இடத்தில், கியர் இல்லை, நியூட்ரல் என்று சொல்லும் ‘என்’ விட்டுவிட்டு எரிகிறது. ஒரு நொடியில் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்சீட்டில் 74 வயது அப்பா. எங்களுக்குப் பின்னால் அரசுப் பேருந்து. பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, பேருந்தின் நடத்துநர் இறங்கி ஓடிவந்து, பாதையோரம் கிடந்த கருங்கல்லைப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். “இனி காலை எடுங்கம்மா” என்று அவர் சொன்ன பிறகும் காலை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கார் வாங்கி அப்போது பதினான்கு மாதம். திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இடது முழங்காலில் தேய்மானம். கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால்தான் கியர் தானாக மாறும் சின்ன கார் வாங்கினேன். மாதம் 10,450 ரூபாய் தவணை, ஏழு வருடம். கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. என் கேள்வி ஒரு கம்பெனியோடு முடிந்துவிடுவதும் இல்லை.

இழுவண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து சர்வீஸ் சென்டரில் விட்டேன். மூன்று நாள் கழித்து, “கம்பெனியிலிருந்து அப்டேட் வந்திருந்தது மேடம், போட்டாச்சு” என்று கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் மறுபடியும் கோளாறு. மெதுவாக ஊர்ந்து போகும்போது யாரோ பின்னாலிருந்து இடிப்பதுபோல் ஒரு வெட்டு. அதைச் சொன்னபோது வந்த பதில்: “இந்த மாடலுக்கு இது நார்மல்தான் மேடம். நீங்க ஓட்டற விதத்துலயும் இருக்கு.” மொத்தம் எட்டு முறை போயிருக்கிறேன். வண்டியை விடும்போது நம் புகாரையும் அவர்கள் செய்த வேலையையும் எழுதித் தரும் ஜாப் கார்டு எட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் ஐந்தில் ஒரே வரிதான்: ‘ஓட்டிப் பார்த்தோம், குறை ஏதும் காணப்படவில்லை.’ மலையில் வண்டி பின்னால் உருண்டது என்று நான் சொன்னதை ஒரு கார்டிலும் எழுதவில்லை. ‘கியர் மாறும்போது லேசான ஜெர்க்’ என்று எழுதியிருக்கிறார்கள். நானும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உள்ளே என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. இந்த வகைக் கியர்பாக்ஸ் உள்ளுக்குள் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்கிற வேலையை ஓர் ஆக்சுவேட்டர் செய்கிறது. என் வண்டியில் இருப்பது ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. சின்ன பம்ப் ஒன்று அந்த அழுத்தத்தை ஏற்றி வைக்கிறது. ஆயில் கசிந்தாலோ பம்ப் தளர்ந்தாலோ அழுத்தம் இறங்கும். அப்போது கம்ப்யூட்டர் கியரை விடுவித்து நியூட்ரலுக்குப் போய்விடுகிறது. சமதரையில் அப்படி நடந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். மேட்டில் நடந்தால் பின்னால் உருளும். இந்தக் கோளாறை நான் எப்படி ஓட்டினாலும் உண்டாக்க முடியாது. ஓட்டும் விதத்தால் சரிசெய்யவும் முடியாது.

‘நீங்க ஓட்டற விதம்’ என்ற சொல் இந்த ஊரில் மட்டும் சொல்லப்படுவதில்லை என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஆறுதலைவிடக் கோபம்தான் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கம்பெனி ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈக்கோஸ்போர்ட் கார்களில் ‘பவர்ஷிஃப்ட்’ என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் வைத்து விற்றது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டும் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச். சீல் வழியாகக் கசியும் ஆயில் கிளட்ச் தட்டில் பட்டால் வண்டி நடுங்கும். கியரைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியில் ஈயப் பற்றவைப்பு விரிசல் விட்டால் ஓடுகிற வண்டி திடீரென்று இழுவையை இழக்கும். அங்கே விற்ற சுமார் 70,000 வண்டிகளில் ஏறக்குறைய பாதி, கியர்பாக்ஸுக்காக ஒருமுறையாவது பட்டறை ஏறியது. புகார் சொன்னவர்களிடம், நடுக்கத்துக்கு அவர்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று கம்பெனி சொன்னது. தரக்குறைபாடு என்று தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னது. அந்த நாட்டின் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கியர்பாக்ஸ் கெட்டதற்கு அல்ல, புகார் சொன்னவர்களை நடத்திய விதத்துக்கு. இந்த ஒரு வரிக்காகவே அந்த வழக்கை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன்.

அதே கியர்பாக்ஸ் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கான சின்ன கார்களில் இருந்தது. நம் நாட்டிலும் விற்பனையானது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு இழப்பீட்டுக்கு உடன்பாடு கண்டார்கள். 2019 ஜூலையில் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழ், கம்பெனிக்கு உள்ளுக்குள் என்னென்ன தெரிந்திருந்தது என்பதை ஆவணங்களோடு எழுதியது. அதற்குப் பிறகு பல வண்டிகளுக்கு வாரன்டியை நீட்டினார்கள். சீனாவிலும் இப்படித்தான். 2013 மார்ச் 15, நுகர்வோர் தினத்தன்று, ஃபோக்ஸ்வாகன் கார்களின் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் பற்றி அரசுத் தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. சில நாட்களிலேயே 3,84,181 கார்களைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. அதுவரை அந்த மூன்றே முக்கால் லட்சம் பேரில் எத்தனை பேரிடம் ‘நார்மல்’ என்று சொல்லியிருப்பார்கள்!

என் கதைக்கு வருகிறேன், இன்ஜின் பாக்கி இருக்கிறது. வாரன்டி முடிந்து எட்டாவது மாதம் ஆக்சுவேட்டரே போய்விட்டது. 58,000 ரூபாய். கடன் வாங்கிக் கட்டினேன். அதற்குப் பிறகு 47,000 கிலோமீட்டரில் ஒருநாள், எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். நுனியில் கூட ஆயில் ஒட்டவில்லை. ஆயில் மாற்றி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. “டீச்சர், கீழ ஒரு சொட்டு ஒழுகல. வண்டி ஆயில் குடிக்குது” என்றார். சர்வீஸ் சென்டரில் கேட்டேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவு ஆயில் குறையலாம் என்று கம்பெனியே அளவு வைத்திருக்கிறதாம். அதுவும் நார்மல். இரண்டு மாதத்தில், பள்ளி விட்டு வரும்போது பைபாஸில் இன்ஜின் சீஸ் ஆகி, உள்ளே இறுகிப்போய் நின்றது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு வண்டியை எப்படிக் கொண்டுவந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனார்கள். அவர்கள் விலகினதால்தான் இந்தக் கடிதம்.

இன்ஜின் குறையை ஒத்துக்கொண்ட கம்பெனிகளும் உலகத்தில் இருக்கின்றன. பெஜோ, சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் இன்ஜினில், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குகிற, ஆயிலிலேயே நனைந்து ஓடும் டைமிங் பெல்ட் கரைந்து உதிர்ந்தது ஐரோப்பாவில் பெரிய பிரச்சினை. உதிர்ந்த துகள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் ஆயில் அழுத்தம் போய்விடும். 2024இல் இந்தக் கார்களைத் தயாரிக்கும் ஸ்டெல்லான்டிஸ் நிறுவனம் 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை பொறுப்பேற்பதாக அறிவித்தது. தானாக மனம் கனிந்து அறிவித்ததாக நான் நம்பவில்லை. ஆயிரக்கணக்கான உரிமையாளர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டதால் நடந்தது.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தீர்கள். குறையுள்ள வண்டியைத் திரும்ப அழைக்கவும், பணத்தைத் திருப்பித் தரவோ, வேறு வண்டி தரவோ, பழுது நீக்கவோ கம்பெனிக்கு உத்தரவிடவும் அரசுக்கு அதிகாரம் வந்தது. நல்ல சட்டம். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். அபராதம் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. ஆனால் அந்த மாடல் எத்தனை விற்றது என்பதைப் பொறுத்து, இத்தனை பேர் புகார் செய்தால்தான் கட்டாயத் திரும்ப அழைப்பு என்று ஓர் எண்ணிக்கையை வைத்திருக்கிறீர்கள். என் மனக்குறை அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

‘நார்மல்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் புகார் எழுதமாட்டார். தன் ஓட்டத்தில்தான் குறை என்று நம்பிக்கொண்டிருப்பார். நானே ஒரு வருடம் அப்படி நம்பினேன். வார இறுதியில் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை எப்படி மென்மையாக மிதிப்பது என்று பழகினேன். கியர் தானாக மாறும் கார்களை வாங்குவோரில் என்னைப்போல் மூட்டு வலிக்காரர்கள், முதியவர்கள், முதன்முதலாக ஓட்டப் பழகும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. ‘உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை’ என்று சொன்னால் எதிர்த்துப் பேசாமல் தலைகுனிகிறவர்கள் நாங்கள். எங்கள் புகாரை எண்ணினால் எண்ணிக்கை எப்படி நிறையும்?

அதனால் முதலில் புகார்களை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் அப்படித்தான் வைத்திருக்கிறது. மாடலையும் வருடத்தையும் கொடுத்தால், யார் என்ற விவரம் இல்லாமல், அந்த வண்டியில் எந்தப் பாகம் என்ன ஆனது என்பதை உரிமையாளரின் சொற்களிலேயே படிக்கலாம். ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளுக்குப் பிறகு 2000இல் அவர்கள் கொண்டுவந்த சட்டப்படி, வாரன்டியில் வந்த கோரிக்கைகளின் கணக்கையும் கம்பெனிகள் அரசிடம் தர வேண்டும். டீலர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளையும் அங்கே பொதுமக்கள் பார்க்கலாம். என் வண்டிக்குப் போட்ட ‘அப்டேட்’ எதற்காக வந்தது, எத்தனை வண்டிக்கு வந்தது என்று அப்படி ஒரு சுற்றறிக்கையைப் பார்த்திருந்தால், ஆறாவது முறை நான் வெறுங்கையோடு போய் நின்றிருக்கமாட்டேன்.

அடுத்தது, ஓடும்போது இழுவை போவதும் இன்ஜின் அணைவதும் பாதுகாப்புக் குறை என்று விதியிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் என்றால் உடனே திரும்ப அழைக்கிறார்கள். கியர்பாக்ஸ் என்றால் அது சொகுசுக் குறை ஆகிவிடுகிறது. மலைப்பாதையில் பின்னால் உருண்ட வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவளாகச் சொல்கிறேன், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னது அவர் சொன்னபடியே, அவர் மொழியிலேயே பதியப்பட வேண்டும் என்றும் ஒரு விதி வேண்டும். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது, அங்கேதான் அமுங்கியும் போகிறது. வண்டி பட்டறையில் கிடந்த நாட்களை வாரன்டியோடு சேர்த்துக் கொடுக்கச் செய்யுங்கள். என் வண்டி வாரன்டிக் காலத்தில் மட்டும் 41 நாள் பட்டறையில் இருந்தது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்பீர்கள். போயிருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதால் அவசரமாகப் போட்டேன். ஆய்வு தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தயாரிப்பிலேயே குறை என்பதை நிரூபிக்கும் பாரம் என் தலையில். ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பினால் அதற்கான கட்டணத்தையும் முதலில் நான் கட்டச் சொல்லலாம். ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு கியர்பாக்ஸின் உள்ளே என்ன கெட்டது என்று ஒரு கார் கம்பெனிக்கு எதிராக நிரூபிக்க வேண்டும். அது அந்த மாடல் முழுவதிலும் இருக்கும் குறையாக இருந்தால், ஊர் ஊராக ஒவ்வொருவரும் தனித்தனியே அதையே நிரூபிக்க வேண்டும். இந்த வேலையை ஒரே தரம் செய்து முடிக்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

எட்டு ஜாப் கார்டுகளின் நகல், இன்ஜின் மாற்றச் சொல்லிக் கொடுத்த மதிப்பீடு, மலையில் வண்டி நின்றபோது அப்பா கைபேசியில் எடுத்த 40 நொடி வீடியோ மூன்றையும் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வீடியோவில் மீட்டர் தெளிவாகத் தெரியும், ‘என்’ எழுத்து எரிந்து அணைவதும் தெரியும். உங்கள் சோதனை நிறுவனத்திலிருந்து யாராவது வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தால், அது எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. மாற்றிப் போட்ட ஆக்சுவேட்டரைக் கழற்றவில்லை. இன்ஜினையும் பிரிக்கவேண்டாம் என்று பட்டறை அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு கார் உரிமையாளர்