பத்தரை சதவீதம் என்று எழுதியிருக்கும் பத்திரம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோயம்புத்தூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் நிம்மதியாக இருந்தது. இங்கே திருச்சியில் எல்லோரும் நலம். வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி மட்டும் இன்னும் குறையவில்லை. மற்ற சேதிகளைப் பிறகு எழுதுகிறேன். கடன் பத்திரங்களை வாங்கச் சொல்லி உன்னை அழைக்கிறவர்கள் கொடுத்ததாக நீ இணைத்து அனுப்பிய விலைத் தாளைப் பார்த்ததிலிருந்து என் மனம் முழுக்க அதிலேயே இருக்கிறது. நீ அதில் போட நினைப்பது வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்த பணம்.

உனக்கு இப்படி அழைப்புகள் வருவதற்குக் காரணம் உண்டு. நிறுவனங்கள் தனிப்பட்ட முறையில், அதாவது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும், வெளியிடும் கடன் பத்திரங்களின் முக மதிப்பு (முதிர்வில் திருப்பித்தரும் அசல்) முன்பு 10 லட்சம் ரூபாய். நம்மைப் போன்றவர்கள் நெருங்கவே முடியாது. பங்கு, பத்திரச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி அதை 2023 ஜனவரி முதல் 1 லட்சமாக்கியது. 2024இல் 10,000 ரூபாய்க்கும் அனுமதி தந்தது. கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் உள்ளே நுழைகிறவர்களுக்கு அந்தத் தாளைப் படிக்கச் சொல்லித்தர யாரும் இல்லை.

உன் தாளில் இரண்டு வரிகள். முதல் பத்திரத்துக்கு வட்டி 10.50 சதவீதம், முதிர்வுக்கு 2 ஆண்டு, விலை 105.00. இரண்டாவதற்கு வட்டி 9 சதவீதம், 3 ஆண்டு, விலை 96.00. விலை எப்போதும் முக மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு என்றே சொல்லப்படும். ஆகவே 10,000 ரூபாய்ப் பத்திரம் முதலாவதில் 10,500 ரூபாய், இரண்டாவதில் 9,600 ரூபாய். வட்டியோ நீ கொடுத்த விலைக்குக் கிடைப்பதில்லை, முக மதிப்புக்குத்தான். அதிலிருந்துதான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

96 என்று போட்டுவிட்டு 9,780 ரூபாய் கேட்கிறார்களே என்று நீ கோபப்பட்டிருந்தாய். அதில் தவறில்லை. கடைசியாக வட்டி கொடுத்து 73 நாள் ஆகிவிட்டது. ஆண்டு வட்டி 900 ரூபாயில் அந்த 73 நாளுக்கான பங்கு 180 ரூபாய். அது இதுவரை வைத்திருந்தவருக்குச் சேர வேண்டியது. நீ இப்போது கொடுத்துவிடுகிறாய். அடுத்த வட்டி தேதியில் 900 ரூபாயும் முழுதாக உனக்கு வரும். ஆனால் பங்குகளோடு சேர்ந்து வர்த்தகமாகும் என்சிடிகளில் (பங்காக மாற்ற முடியாத கடன் பத்திரங்களில்) திரையில் தெரியும் விலைக்குள்ளேயே இந்த வட்டி அடங்கியிருக்கும். எந்த விலை சொல்கிறார்கள் என்று கேட்காமல் ஒப்பிடாதே.

இனி முக்கியமான கணக்கு. எளிமைக்காக இரண்டையும் வட்டி தேதியன்றே வாங்குகிறாய், வட்டி ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் பத்திரத்தில் 10,500 ரூபாய் போட்டு ஆண்டுக்கு 1,050 வாங்கினால் 10 சதவீதம். இதை நடப்பு யீல்டு, அதாவது கொடுத்த விலைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் வட்டி வருமானம், என்பார்கள். விற்பவர் உனக்குச் சொன்ன எண்ணும் இதுதான். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் உனக்குத் திரும்பி வருவது 10,000 மட்டுமே. கூடுதலாகக் கொடுத்த 500 திரும்பாது. அதையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் முதிர்வு வரையிலான யீல்டு, ஒய்டிஎம். அது எவ்வளவு என்று பார்க்க, ஒரு சேமிப்புக் கணக்கில் 10,500 ரூபாயைப் போடுவதாக நினைத்துக்கொள். ஆண்டுக்கு 7.71 சதவீத வட்டி. முதல் ஆண்டில் 809.55 ரூபாய் சேரும். 1,050 எடுத்தால் மீதி 10,259.55. அடுத்த ஆண்டு ஏறத்தாழ 791 ரூபாய் சேரும். 1,050 எடுத்துவிட்டு அசல் 10,000த்தையும் எடுத்தால் கணக்கில் அரை ரூபாய் அளவுக்குத்தான் மிஞ்சும். ஆக, பத்தரை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அந்தப் பத்திரம் உனக்குத் தருவது 7.71 சதவீதம். எனக்கு வருத்தம் தருவது இதுதான்: தாளில் ஒய்டிஎம் எண்ணும் இருக்கிறது, ஆனால் கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில், கடைசிக் கட்டத்தில்.

கையால் தோராயமாகப் போட ஒரு வழி உண்டு. நூற்றுக்கு 10.5 வட்டியில் ஆண்டுக்கு ஏற்படும் இழப்பு 2.5ஐக் கழி, வரும் 8ஐ, விலைக்கும் முக மதிப்புக்கும் நடுவான 102.5ஆல் வகு. 7.8 வரும். சரியான விடை வேண்டுமென்றால் எக்செல்லில் ‘ரேட்’ என்ற சூத்திரத்தில் 2, 10.5, -105, 100 என்று வரிசையாகக் கொடு.

இரண்டாவது பத்திரத்தில் கதை தலைகீழ். 4 ரூபாய் குறைத்து வாங்குவதால் அது லாபத்தில் சேரும். தோராயம் 10.54, சரியான விடை 10.63. குறைந்த வட்டி போட்ட பத்திரமே அதிகம் தருகிறது. உடனே அதை வாங்கலாம் என்று நினைக்காதே. வெளியே வட்டி விகிதம் ஏறினால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும், அது இயல்பு. ஆனால் அதே காலத்துக்கான அரசுப் பத்திரத்தைவிட இவ்வளவு அதிகம் தருகிறது என்றால், அந்த நிறுவனத்தின் மீது சந்தைக்கு ஐயம் இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு ரூபாயும் சொன்ன நாளில் வந்து சேர்ந்தால்தான் இந்த 10.63. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தந்த ஐஎல் அண்டு எஃப்எஸ் நிறுவனம் நினைவிருக்கிறதா? 2018 ஆகஸ்டு தொடக்கத்தில் டிரிபிள் ஏ என்ற மிக உயர்ந்த தரக்குறியீடு வைத்திருந்தது. செப்டம்பரில் அது ‘டி’ ஆயிற்று, அதாவது கடனைத் திருப்பித்தரத் தவறிய நிலை. குழுமத்தின் கடன் 91,000 கோடி ரூபாய்க்கு மேல். டிரிபிள் ஏவுக்கே அந்தக் கதி என்றால், உன் தாளில் இருப்பது அதற்கும் பல படி கீழே.

நடுவில் விற்றுவிடலாம் என்றும் எழுதியிருந்தாய். இந்தப் பத்திரங்கள் தினமும் கைமாறுவதில்லை. தாளில் இருக்கும் ‘கடைசி விலை’ எந்தத் தேதியில் நடந்த வியாபாரம் என்று பார். அவசரத்துக்கு விற்கப்போனால் வாங்க ஆள் இருக்காது, அல்லது விலையை அடித்துக் கேட்பார்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டாய், சொல்கிறேன். முதல் பத்திரம் வேண்டவே வேண்டாம். அறுபது நிறைந்த உனக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து அதன் வட்டி 8.2 சதவீதம், 30 லட்சம் வரை போடலாம், பொறுப்பு அரசாங்கத்துடையது. ஐந்து ஆண்டு என்பது உண்மைதான். ஆனாலும் 7.71க்காக ஒரு தனியார் நிறுவனத்தின் வாக்கை ஏன் நம்ப வேண்டும்? பணத்தின் பெரும்பகுதியை அங்கே போடு.

இரண்டாவதில் ஆசை விடவில்லையென்றால், பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் கேள்: நிறுவனம் முதிர்வுக்கு முன்பே திருப்பிக்கொடுத்து முடித்துக்கொள்ளும் உரிமை வைத்திருக்கிறதா, பத்திரத்துக்குச் சொத்து ஈடு உண்டா, தரக்குறியீடு எந்தத் தேதியில் கொடுத்தது. பதில் வந்ததும் அப்படியே எனக்கு அனுப்பு. ஒரு நாள் பொறுத்திரு, படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன்.

என்றும் உன்,
பழைய நண்பன்