கட்டடத்தையே மேடையாகக் கொண்டு நாடகம் எழுதும் பயிற்சி

உறுப்பினர்களுக்கு வணக்கம். இம்முறை மாணவர்கள் முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் வாசலையும் படிக்கட்டையும் சன்னலையும் வெறும் பின்னணியாகக் கருதாமல், கதையை நகர்த்தும் காரணங்களாகக் கொண்டு ஒரு காட்சி எழுத வேண்டும். பண்டைய கிரேக்க அரங்கில் ஆடுகளத்தின் பின்னால் நின்ற ‘ஸ்கேனே’ என்னும் கட்டடத்தின் கதவுக்கு உள்ளேதான் பெரும்பாலும் கொலைகள் நிகழ்ந்தன. பார்வையாளர்களை எட்டியவை அலறலும் தூதன் சொன்ன செய்தியும்தாம். மூடிய கதவின் வலிமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இத்தாலியின் விசென்சாவில் 1585இல் திறக்கப்பட்ட ஒலிம்பிகோ அரங்கின் படங்களையும் காட்டலாம். அதன் மேடையிலுள்ள வாயில்களுக்கு அப்பால் காட்சியமைப்பாகக் கட்டப்பட்ட தெருக்கள் உள்ளே செல்லச் செல்லக் குறுகி, தரையும் உயர்வதால் நீண்ட வீதிகளாகத் தோன்றுகின்றன. (நடிகர் அதற்குள் நடந்து போனால் வீடுகளைவிடப் பெரியவராகிவிடுவார் என்பதை மாணவர்கள் நிச்சயம் ரசிப்பார்கள்.)

சென்ற முறை ஒரு மாணவி படிக்கட்டின் திருப்பத்தில் ஒருவரை நிறுத்தி, மேலேயும் கீழேயும் நடக்கும் இரு உரையாடல்களையும் அவர் காதில் விழச் செய்திருந்தார். அக்காட்சியில் அவருக்கு வசனமே இல்லை. ஆகவே, எழுதத் தொடங்கும் முன் தரைப்படம் வரைந்து, யார் எவ்வழியே நுழைகிறார், யாருடைய பேச்சு எதுவரை கேட்கும் என்பதைக் குறிக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.